கால் கிலோவின் கணக்கு

எங்கள் வீட்டில் பட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ கச்சாப் பட்டை எடுத்து, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுத்துவிட்டால், காய்ந்த பிறகு முக்கால் கிலோதான் தராசில் நிற்கும். இருபது முப்பது கிராம் முன்னே பின்னே ஆகலாம். நூல் கொடுத்தவர் எடை பார்த்துக் குறித்துக்கொள்வார். சின்ன வயதில் ஒருநாள், “மிச்சம் எங்கப்பா போச்சு?” என்று கேட்டேன். அப்பாவை யாராவது திருடன் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அப்பா சிரிக்காமல் பதில் சொன்னார்: “தண்ணியில போச்சும்மா. கிலோவுக்குக் கால் கிலோ தண்ணிக்கு.”

ஆரணியை ஒட்டிய சேவூரில், சாயம் போடுகிறவரின் மகள் நான். ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீட்டோடு விற்கிற சேலைகள் எங்கள் தெருத் தறிகளிலும் நெய்யப்படுகின்றன. புழு தன் கூட்டை ஒட்டவைக்கச் சுரக்கிற பசைக்குச் செரிசின் என்று பெயர், அது ஒரு புரதம் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அது தண்ணீரில் கலந்தால் பாக்டீரியாக்கள் தின்னும். தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும். நம் கழிவறையிலிருந்து போவதற்கும் நடப்பது இதேதான். பட்டுப் பசையா, மலமா என்று தண்ணீர் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் தெரு பிரித்துப் பார்க்கும். பசைத் தண்ணீர் கலங்கலாக, சோற்றுக் கஞ்சி மாதிரி போகும். யாரும் கவனிக்க மாட்டார்கள். சாயத் தண்ணீர் அப்படி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருக் கால்வாயைப் பார்த்தே இன்றைக்கு யார் வீட்டில் அரக்கு, யார் வீட்டில் மயில்கழுத்து என்று சொல்லிவிடுவோம். அது எங்களுக்கு விளையாட்டு. அப்பாவின் கைகள் அந்தந்த வாரத்தின் நிறத்தில் இருக்கும். பந்தியில் அவர் கையைப் பார்த்துச் சிலர் இலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் மத்தியானம், எங்கள் தெருவுக்குக் கீழே பள்ளத்து வீட்டில் இருந்த அத்தை வந்தார். உறவு ஒன்றும் இல்லை, கூப்பிடுகிற முறைதான். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதைத் திண்ணையில் வைத்தார். உள்ளே அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ரோஸ் கலந்த மாதிரி, மிக லேசாக, வெள்ளைத் துணியைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிற அளவுக்கு ஒரு சிவப்பு. அத்தை திட்டவில்லை. “குடிச்சுப் பாரு”ன்னு கூடச் சொல்லவில்லை. வைத்துவிட்டு, அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் அப்பா திருந்தினார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவர் செய்தது வேறு. மறுவாரம் நான்கு பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கினார். சாயத் தண்ணீரை அதில் பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, ஊரைத் தாண்டி, கிணறு எதுவும் இல்லாத ஒரு புறம்போக்குப் பள்ளத்தில் கொண்டுபோய் ஊற்ற ஆரம்பித்தார். வண்டிக் கூலி அவர் வருமானத்தில் கணிசமாகப் போனது. அத்தையின் கிணறு ஒரு மழைக்காலம் கழித்துத் தெளிந்தது. அப்பா நிம்மதியானார். கிண்ணத்தோடு யாரும் வர முடியாத ஒரு இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதும் அதே பள்ளம்தான். வண்டிக்குப் பதில் இப்போது குட்டி யானை. எனக்குக் கோபம் வந்தது. சென்னையில் பத்து வருடம், கையில் போன், அதில் சுற்றுச்சூழல் பற்றி நூறு கட்டுரைகள். “இன்னும் அங்கதான் ஊத்துறியா? அது கீழ எறங்கி எங்கயோ ஒரு கிணத்துக்குத்தான போவும்? கமண்டல நாகநதிக்குத்தான போவும்? தப்பில்லையாப்பா?”

அப்பா பீடியை அணைத்தார். “தப்புதான். இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்?” கொஞ்ச நேரம் கழித்து, “உங்க ஊட்டுத் தண்ணி எங்கம்மா போவுது?” என்றார்.

“எங்க அபார்ட்மென்ட்லயே எஸ்டிபி இருக்குப்பா. சுத்திகரிச்சிடுவாங்க.”

“சரி. அப்புறம்?”

“செடிக்கு ஊத்துவாங்க, டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்குப் போவும்…”

“மிச்சம்?”

மிச்சம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் ஏழு மாதத்துக்கு முன்னால் நான் கையைத் தூக்கியிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் குடியிருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய 160 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பேஸ்மென்ட்டின் கடைசி மூலையில் எங்களுக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையம். புத்தகம் படிக்கிறவர்கள் பொதுவாக எட்டிப் பார்க்காத இடம் என்பதால் கொஞ்சம் விவரிக்கிறேன். 160 வீட்டுக் கழிவும் முதலில் ஒரு கம்பிச் சல்லடையில் விழும். நாப்கின், பிளாஸ்டிக், முடி எல்லாம் அங்கே நிற்கும். அதை ஒரு மனிதர் கம்பியால் வழித்து எடுப்பார். பிறகு ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து காற்றூட்டும் தொட்டிக்குப் போகும். இதுதான் இதயம். ப்ளோயர் என்கிற மோட்டார் அடியிலிருந்து காற்றைக் குமிழ்குமிழாக ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை மூச்சாக இழுத்து, கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நம் கழிவைத் தின்று பெருகும். அடுத்த தொட்டியில் அவை கீழே படிய, மேலே தெளிகிற நீர் மணல், கரி வடிகட்டிகள் வழியாகப் போய்க் குளோரின் வாங்கிக்கொண்டு வெளியே வரும்.

அதைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் தம்பி வந்தவாசிப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் “அக்கா, நீங்க ஆரணியா?” என்று கண்டுபிடித்தவர். அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தொட்டி நல்லா இருந்தா சாக்லேட் நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் மாதிரி வாசம் வரும். கறுத்து முட்டை நாற்றம் வந்தால் உள்ளே எல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாகத் தொட்டியை உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றுவாராம். சாய அண்டாவை நிறம் பார்த்து, மோந்து பார்த்துப் பதம் சொல்கிற வீட்டிலிருந்து வந்தவளுக்கு இது உடனே பிடித்துவிட்டது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது சதுப்பு நிரம்பி எங்கள் பேஸ்மென்ட்டுக்குள் வந்தது. கார்கள் மிதந்தன. மோட்டார்கள் எல்லாம் முழுகின. எங்கள் குடியிருப்பே நிற்பது ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற இடத்தில்தானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு அது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மீதி எங்கே போனது என்ற கேள்விக்கு நாங்கள் எல்லாருமே ஒருவகையில் பதில்.

மோட்டார் மாற்றுவதற்கே சங்கத்தின் கையிருப்பு கரைந்துவிட்டது. 2024 ஜூனில் கூடிய பொதுக்குழுவில் ஒரு யோசனை வந்தது. மின்சாரத்தை அதிகம் இழுப்பது ப்ளோயர்தான். ராத்திரி 11 முதல் காலை 5 வரை அதை நிறுத்திவைக்கலாம். இல்லாவிட்டால் வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் கூடும். செக்ரட்டரி அங்கிள் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. “குவாலிட்டி கொஞ்சம் குறையும். ராத்திரி தெளியாம இருக்கறது மழைநீர்க் கால்வாய்ல போகும். ஆனா டெஸ்ட்டுக்கு சாம்பிள் பகல்லதான் எடுக்கறாங்க” என்றார். மூன்றாவது மாடியில் குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக வாழ்கிற அம்மா ஒருவர், “எனக்கு முந்நூறு ரூபா கஷ்டம்தாங்க” என்றார். இன்னொருவர் எழுந்தார். “பெருங்குடில கவர்மென்ட் ப்ளான்ட்டே இருக்கு, குப்பைமேடு இருக்கு. இத்தனைக்கு நடுவுல நம்ம 160 வீடு நிறுத்தி என்ன ஆகப்போகுது?”

கைகள் உயர்ந்தன. என் கையும்.

அந்தக் கடைசி வாதத்தை நான் பல மாதம் மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அதன் எண்கள் உண்மை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236. பத்தில் மூன்று பங்குகூட இல்லை. எங்கள் சதுப்பின் ஓரத்தில் நிற்கும் பெருங்குடி நிலையத்தின் கொள்ளளவு மட்டும் நாளுக்கு 12 கோடி லிட்டருக்கு மேல். அதன் பக்கத்தில் எங்கள் வீட்டுச் சொட்டு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் பள்ளத்து வீட்டு அத்தையின் கிணறு சிவந்தபோது எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை வைத்த கிண்ணத்தில் இருந்தது யார் வீட்டு அரக்கு என்று யாருக்கும் தெரியாது. அப்பாவும் “என் பங்கு எட்டுல ஒண்ணுதானே” என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை, கிண்ணம் எதிரில் இருந்ததால். பங்கு போட்டுப் பார்க்கிற புத்தி, கிண்ணம் இல்லாத இடத்தில்தான் வேலை செய்கிறது.

தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972இல் எழுதிய ஒரு கட்டுரை நம் பக்கத்து வங்காள அகதிகளின் பட்டினியை முன்வைத்தது. அதில் வரும் குளத்து உதாரணத்தை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். போகிற வழியில் ஒரு குழந்தை குளத்தில் மூழ்குகிறது, உங்கள் துணி நனையும் என்பதற்காகக் காப்பாற்றாமல் போவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் ஆயிரம் மைல் தள்ளிப் பட்டினியில் சாகும் குழந்தைக்கும் உதவியாக வேண்டும், தூரத்துக்கு அறத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். கல்லூரியில் படித்தபோது அசந்துபோனேன். இப்போது அதில் ஒன்று குறைகிறது. சிங்கரின் உலகத்தில் தூரம் தானாக இருக்கிறது, மலை இருப்பது போல. என் விஷயத்தில் தூரம் தானாக இல்லை. நாங்கள் காசு கொடுத்து அதைக் கட்டியிருக்கிறோம். அப்பா வண்டிக் கூலி கொடுத்து வாங்கியதும் அதைத்தான். குழாய் என்பது முதலில் ஒரு சுகாதார ஏற்பாடு, சந்தேகமே இல்லை. காலராவைத் துரத்தியது அது. கூடவே, கீழே இருப்பவர் கிண்ணத்தோடு நடந்து வர முடியாதபடி பார்த்துக்கொள்கிற ஏற்பாடாகவும் அது இருக்கிறது.

லண்டன்காரர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த பிறகுதான் அவர்களுக்கு அவசரம் வந்தது. ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் பிரம்மாண்டமான சாக்கடைகளைக் கட்டி, நகரத்தின் கழிவு முழுவதையும் கிழக்கே, ஆற்றின் கீழ்ப்பக்கம், பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு இடங்களில் கொண்டுபோய்க் கொட்ட வைத்தார். சுத்திகரிப்பு கிடையாது, தள்ளிவிடுவதுதான். நகரம் மணத்தது. 1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிப் படகு அந்த இடத்துக்கு அருகே இன்னொரு கப்பலோடு மோதி உடைந்தது. சற்று முன்னால்தான் கழிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள், நீந்தத் தெரிந்தவர்களும் சேர்த்து. பெரும்பாலும் லண்டன்வாசிகள். தள்ளிவிட்டவர்களே போய் அதில் விழுந்தார்கள். அதற்குப் பிறகும் என்ன செய்தார்கள் தெரியுமா? கசடைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி இன்னும் தூரமாகக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1887இல் ஆரம்பித்தது 1998 வரை நடந்தது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அப்பா மாதிரி ஆட்களின் தண்ணீருக்கு நிறம் உண்டு. அதனால் குற்றவாளியும் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து ஒரு தீர்ப்புத் தந்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் முக்கியமானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இரண்டும் தேவையான தீர்ப்புகள். நொய்யல் கரையில் நிலம் செத்துப்போனவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நிறமில்லாத நம் கழிவு அளவில் எவ்வளவோ பெரிது, அதற்காக ஒரு குடும்பமும் தன் வீட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்ததில்லை. “மாசுபடுத்துபவர்” என்ற சொல்லைக் கேட்டால் என் மனதில் வருவது அப்பாவின் சிவந்த கை. மெயின்டனன்ஸ் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டுப் படுக்கிற என் கை வருவதே இல்லை. சாக்கடையோடு புழங்குகிறவருக்கு அழுக்கும் தீட்டும், சாக்கடையை உண்டாக்குகிறவருக்குச் சுத்தம் என்று பிரித்து வைத்த ஊர் இது. சாதி பற்றிப் பேசாமல் இங்கே சுத்திகரிப்பு பற்றிப் பேச முடியாது. எங்கள் கம்பிச் சல்லடையை வழிக்கிறவர் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எங்கள் பொதுக்குழு ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

செலவை ஏற்பது ஒன்று, பதில் சொல்வது இன்னொன்று. 300 ரூபாய் கொடுத்திருந்தால் நான் யோக்கியமாகியிருப்பேனா? ப்ளோயர் 24 மணி நேரமும் ஓடி, ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் வரம்புக்குள் இருந்தால் கதை முடிந்ததா? படிக்கப் படிக்க அதுவும் இல்லை என்றுதான் தெரிகிறது. எங்கள் மாதிரிச் சாதாரண நிலையங்கள் கழிவின் உயிர்ப்பொருளைத் தின்னவைக்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெரும்பகுதி தெளிந்த நீரோடு வெளியே போய்விடுகின்றன. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த நீர், செடிக்கு உரம். சதுப்பில் ஆகாயத்தாமரை தளதளவென்று நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அதையும் நீக்கி, குடிக்கிற அளவுக்குச் சுத்தமாக்கினால்? அங்கேதான் நான் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்தேன். பள்ளிக்கரணை வருடம் முழுவதும் நிரம்பி நிற்க வேண்டிய ஏரி கிடையாது. மழைக்கு நிரம்பி, வடிந்து, கோடையில் பல இடங்களில் காய்ந்து வெடித்து, கடல் பக்கமிருந்து உப்பும் ஏறி, மறுபடி நன்னீர் வாங்குகிற நிலம். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவைதான் அங்கே வாழ்கின்றன. பூநாரை நிற்க மேலோட்டமான தண்ணீர் வேண்டும். வருடம் 365 நாளும் நகரம் குளித்துக் கழுவிய நீர் சீராக வந்துகொண்டே இருந்தால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியாது, சம்பு காடாக வளரும், உப்பு நீர்த்துப்போகும். அந்த நிலத்தின் வடிகால் ஒக்கியம் மடுவு. ஓஎம்ஆரில் போகும்போது ஒரு பாலமாக மட்டும் தெரிவது. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், தெற்கே முட்டுக்காட்டுக் காயல், மணல்திட்டு திறந்திருந்தால் கோவளம் கடல். காயலின் இறாலும் கொடுவாயும் உப்பின் அளவை வைத்துத்தான் வருகின்றன, வளர்கின்றன, போகின்றன. சுத்தமான தண்ணீரும் தவறான பருவத்தில், தவறான அளவில் வந்தால் அவற்றுக்குக் கேடுதான்.

சுத்தம் என்பதை ஒரு பொருளின் குணம் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறோம். காயலுக்கு அது புரியாது. யாரிடம், எப்போது, எவ்வளவு என்று கேட்காமல் அனுப்பிய எதுவும் அதற்குக் கழிவுதான்.

கேட்டு அனுப்புகிற ஊர் ஒன்றும் இருக்கிறது, முழுக்க இல்லாவிட்டாலும். கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் கிடக்கும் ஈரநிலம், 2002இல் ராம்சார் தகுதி பெற்றது. நகரத்தின் கழிவுநீர் அங்கே ஆழமில்லாத மீன்பண்ணைகளுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் வேலை செய்ய, மீன் வளர்கிறது, அந்த நகரமே அதை வாங்கித் தின்கிறது. துருபஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் இதை உலகத்துக்கு எடுத்துச் சொல்லத் தன் வாழ்நாளைச் செலவழித்தார். இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கரணையில் வைக்க முடியாது. மண், உப்பு எல்லாம் வேறு, அங்கேயும் ஆலைக்கழிவும் ரியல் எஸ்டேட்டும் நெருக்குகின்றன. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அங்கே மதகைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மீன்பண்ணைக்காரர் வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் அங்கே நிற்கிறார்.

போன சித்திரையில் அப்பா சென்னைக்கு வந்தார். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை, “உங்க மிச்சத் தண்ணி போற எடத்தக் காட்டு” என்றார். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மழைநீர்க் கால்வாய், சதுப்பின் ஓரச் சாலை, ஒக்கியம் மடுவுப் பாலம். அங்கே இறங்கிக் கொஞ்சநேரம் பார்த்தார். “கறுப்பு சாயம் போட்ட மாதிரி இருக்கே” என்றார். பிறகு முட்டுக்காடு.

படகுத் துறையின் கூட்டத்தைத் தாண்டி ஒதுக்குப்புறமாக நின்றோம். தண்ணீர் வடிந்திருந்தது. இடுப்புக்குமேல் மட்டும் தெரிய ஒரு அம்மா தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்துகொண்டிருந்தார். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். இரண்டு கையும் சேற்றுக்குள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இருளர்கள் இப்படிக் கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள் என்று படித்திருந்தேன், பார்த்தது முதல் தடவை. அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும், “இன்னாம்மா, எவ்ளோ நேரம் ஒக்காந்தா இவ்ளோ வரும்?” என்று கேட்டார். “காலைலேர்ந்துப்பா. முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல ரொம்பிடும்” என்றார் அந்த அம்மா. அப்பா பேரம் பேசாமல் வாங்கினார். அவர் பேரம் பேசாமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. காசை வாங்க நீட்டிய கையில் விரலிடுக்கெல்லாம் வெடிப்பும் சிவப்புமாக இருந்தது. “சொறி நிக்க மாட்டேங்குது” என்றார் அவரே.

காரணம் எங்கள் 160 வீடு என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. உப்பாக இருக்கலாம், சேறாக இருக்கலாம். திரும்பி வரும்போது ராத்திரி ப்ளோயரை நிறுத்துகிற விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன், நான் கை தூக்கியதையும் சேர்த்து. ஹெல்மெட்டுக்குள் அவர் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. சிக்னலில் நின்றபோது மறுபடி கேட்டேன்.

“அந்தப் பீப்பா விஷயம் எனக்கும் தெரியும்மா. அத்தைக்குக் கிணறு தெளிஞ்சா போதும்னு இருந்துட்டேன். அந்தப் பள்ளத்துக்குக் கீழ யார் இருக்காங்கன்னு போய்ப் பாக்கல. பாத்தா ஊத்த முடியாதில்ல.”

இரவு இறாலைத் தொக்கு வைத்தோம். இறால் கழுவிய தண்ணீர் சிங்க்கில் இறங்கிப் போனது.

அப்பா ஊருக்குப் போன பிறகு ஒருநாள் நள்ளிரவு தாண்டி, ஆபரேட்டர் தம்பியிடம் சொல்லிவிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போனேன். ப்ளோயர் நின்றிருந்தது. இரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடு தூங்கியவளுக்கு அந்த அமைதி விநோதமாக இருந்தது. வெளியேறும் குழாயில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தேன். “அக்கா, என் பேரு வராமப் பாத்துக்குங்க” என்றார் தம்பி. வராது என்றேன். மூன்றாவது மாடி அம்மாவிடம் போய், அவர் பங்கு 300 ரூபாயை இன்னும் நாலு வீடு சேர்ந்து போட்டுக்கொள்ளத் தயார் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். “நான் பிச்சை கேக்கல. அந்தக் கூட்டத்துல யாராச்சும் வேற வழி கேட்டீங்களா?” அதுவும் நியாயம்தான். வீட்டின் சதுர அடிக்குத் தகுந்த மாதிரிக் கட்டணத்தைப் பிரிக்கலாம் என்று அவரே ஒரு தாளில் போட்டுக் காட்டினார். ரிட்டயர்ட் கணக்கு டீச்சர்.

பொதுக்குழு வருகிற 14ஆம் தேதி. தீர்மானம் கொடுத்திருக்கிறேன், ஏழாவது பொருளாக, கார் பார்க்கிங் பெயின்ட்டுக்கு அடுத்து. பாட்டில் பால்கனியில் துணிக்கூடைக்குப் பின்னால் இருக்கிறது. அடியில் ஒரு விரல்கடை கறுப்பாகப் படிந்திருக்கிறது, மேலே கிட்டத்தட்டத் தெளிவு. வீட்டில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.